பாலத்திலிருந்து மில் வரை

எழுபத்தைந்து, அறுபத்துநாலு, ஐம்பத்தாறு. காலையிலிருந்து மூன்று தடவை போய்விட்டான், ஒவ்வொரு தடவையும் குறைகிறது. மடியில் முறம், முறத்தில் விதைக்கடலை, உடைத்து உடைத்துக் கட்டைவிரல் நகம் காந்துகிறது, ஆனாலும் கையை நிறுத்தவில்லை, கை நின்றால் காது மட்டும்தான் வேலை செய்யும், அது இன்னும் மோசம். பிச்சாண்டி என் ஒரே மகன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். அவன் வண்டி நிற்கிற கூட்டுரோடு மேற்கே, பெரிய ஆஸ்பத்திரி கிழக்கே, நடுவில் கானாற்றுப் பாலம் முடிகிற இடத்தில் எங்கள் வீட்டு கேட்டு. சைரன் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கத்துச் சுவரிலும் பட்டு ஒரு சத்தம் இரண்டாகும். அங்கே ஒன்று என்று ஆரம்பித்தால் ரைஸ்மில் வளைவில் அந்தப் பெரிய சுவரில் பட்டு அடிக்கிற வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டர். அங்கிருந்து சத்தம் என் காதுக்கு வந்துசேர நாலு செகண்ட், அதைக் கழித்துவிட வேண்டும். எப்போதும் எண்பது வரும். எண்பது என்றால் மணிக்கு அறுபத்தேழு, அறுபத்தெட்டு. ஐம்பத்தாறு என்றால் தொண்ணூற்றாறு. அந்த வண்டிக்கு, அந்த ரோட்டுக்கு, வளைவில் ரோட்டை முட்டிக்கொண்டு நிற்கிற புளியமரத்துக்குத் தொண்ணூற்றாறு. நான் கடிகாரம் பார்ப்பதில்லை, எண்ண வேண்டும் என்று எண்ணுவதும் இல்லை, சத்தம் கேட்டால் உள்ளே தானாக ஓடுகிறது, நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. நேற்றுச் சாப்பிடும்போதும் கணக்கு அப்படித்தான் ஓடியது. போன வாரம் கனகாம்பரத் தோட்டத்தில் பாம்பு கடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனான், இருபத்திரண்டு வயது, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. அன்றிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே கேட்டேன். "எவ்ளோ தூரம்டா அது?" "இருபத்தாறு கிலோமீட்டர்." "எவ்ளோ நேரம் ஆச்சு?" "முப்பத்தோரு நிமிஷம்பா." சோற்றைப் பிசைந்துகொண்டே மனசுக்குள் வகுத்துவிட்டேன். "அம்பதுதான் வருது. அம்பதுலயா போன? அந்த ஆம்பூர் வண்டி ஓட்றானே தேவராஜு, அவனா இருந்தா இருபத்திரண்டு நிமிஷத்துல கொண்டாந்து போட்டிருப்பான், அந்தப் பொண்ணு பொழச்சினு இருக்கும்." அவன் தட்டையே பார்த்தான். "ரோடு நோண்டி வெச்சிகிறாங்கப்பா." "நோண்டினா இன்னா? வண்டி நல்ல வண்டிதானே." இதை நான் சொன்னேன். வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது, ஆனால் நான்தான் சொன்னேன், வாயில் ரசம் சோற்றோடு. அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். காலையில் டீ கூடக் குடிக்காமல் வேலைக்குப் போனான். எட்டரைக்கு முதல் சைரன். எழுபத்தைந்து.

"இன்னா மனுஷன்யா நீ" என்றாள் சம்பூர்ணம் நேற்றே. என் பெண்சாதி இத்தனை வருஷத்தில் என்னைத் திட்டியதெல்லாம் சேர்த்தால் ஒரு சாக்கு மூட்டை இருக்கும், ஆனால் இதைச் சத்தமில்லாமல் சொன்னாள், அதுதான் உறைக்கிறது. இந்த வியாதி எனக்கு வடக்கே பிடித்தது. அங்கே ஒரு விமானப்படைத் தளத்தில் லஸ்கராக, அதாவது எடுபிடியாக, முப்பத்தாறு வருஷம். லஸ்கர் விமானத்தைத் தொடுவான், ஆனால் விமானத்தைப் பற்றி அவனிடம் யாரும் கேட்க மாட்டார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, எடுப்பது, ஏணி பிடிப்பது, இறங்கிய விமானம் கழற்றிப் போட்ட பாராசூட்டை ரன்வே முனையில் போய்ப் பொறுக்கி வருவது. இறங்கும்போது அதுங்களுக்கு அவ்வளவு வேகம், பிரேக் மட்டும் போதாது, வாலிலிருந்து பாராசூட் விரிந்து பின்னால் பிடித்து இழுக்க வேண்டும். எங்களிடம் இரண்டு ஜாதி விமானம் இருந்தது. ஒன்று மிக் இருபத்தஞ்சு, கருடன் என்று பேர் வைத்திருந்தார்கள். அதற்குத் துப்பாக்கி கிடையாது, வயிற்றில் கேமரா மட்டும். எழுபதாயிரம் அடிக்கு மேலே போகும், சத்தம் போகிற வேகத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற விமானமெல்லாம் அலுமினியம், இது எஃகு, இறங்கி வெகு நேரம் கழித்தும் சில இடத்தில் கை வைக்க முடியாது. பதினாலு டன் எண்ணெய் குடிக்கும். மீட்டரில் ஒரு கோடு இருக்கும், அதையும் தாண்டி விரட்டினால் போகத்தான் போகும், ஆனால் என்ஜின் தன்னைத்தானே தின்றுவிடும், கழற்றித் தூரப் போட வேண்டியதுதான். இன்னொன்று மிக் இருபத்தொண்ணு. ஒல்லி, கருடனில் கால்வாசி கனம், றெக்கை கத்தி மாதிரி. மணி அடித்தால் பைலட் ஓடுவான், கட்டையை எடுப்போம், இரண்டு மூன்று நிமிஷத்தில் தரையில் இருக்காது. ஏறுவதற்கென்றே பிறந்தது. இரண்டு மடங்கு வேகம், அவ்வளவுதான், வயிறு சின்னது, இரண்டு டன் எண்ணெய், பின்னால் நெருப்பைப் போட்டுக்கொண்டே போனால் பத்து நிமிஷத்தில் வறண்டுவிடும். எது வேகம், எது உசத்தி என்று கேன்டீனில் நாள் தவறாமல் சண்டை. கருடன் ஆட்கள் ஒரு பெஞ்சு, நாங்கள் ஒரு பெஞ்சு. "உங்களுது ஏறி முடிக்கறதுக்குள்ள எங்களுது போட்டோ எடுத்து, கழுவி, மாலை போட்டு மாட்டிடும்" என்பான் ஒருத்தன். நான் வேலை பார்த்தது சின்னதுக்கு, ஆனால் மனசு பெரியதில். அது மேலே போகும்போது ஒரு சத்தம், வானத்தைத் துணி கிழிக்கிற மாதிரி கிழித்துக்கொண்டு, அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமே இல்லாததைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். இன்றைக்கு யோசித்தால் அந்தச் சண்டையே தப்பு. ஒன்று பார்க்கப் போகிறது. அதற்காக யாரும் வாசலில் நின்று காத்திருப்பதில்லை, அது கொஞ்சம் தாமதமாகப் போனால் யாரும் சாவதில்லை. இன்னொன்று கூப்பிட்டால் ஓடுகிறது. ஓடுகிறவனைப் பார்க்கிறவனோடு வைத்து அளந்தால் ஓடுகிறவன் எப்போதும் தோற்பான். நான் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணுகிறவன். அவன் போகிறவன்.

"போன் பண்ணியா?" சம்பூர்ணம் உள்ளேயிருந்து கேட்கிறாள், முருங்கைக்கீரை உருவுகிற சத்தம் அவள் கையிலிருந்து வருகிறது. பண்ணினேன் என்கிறேன். பத்து மணிக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை. மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. ஓட்டும்போது எடுக்க மாட்டான், அது நல்லதுதான், ஆனால் ஓட்டாதபோதும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு சைரன் இல்லாமல் திரும்பும்போது கேட்டைத் தாண்டித்தான் போகிறான், இரண்டு தடவை நான் எழுந்து நின்றேன், முகத்தை நேராக வைத்துக்கொண்டு போய்விட்டான். "எடுத்தா இன்னா சொல்லுவ?" என்கிறாள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. மெதுவாகப் போ என்றா? ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனிடம் மெதுவாகப் போ என்று எப்படிச் சொல்வது, அதுவும் நேற்று அப்படிச் சொன்ன அதே வாயால். "காஞ்சனாவுக்கு ஒம்பதாவது மாசம்" என்கிறாள் சம்பூர்ணம், காஞ்சனா மருமகள், பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருக்கிறாள். "எனக்குத் தெரியாதா" என்கிறேன். "தெரிஞ்சுதான் பேசினியா?" ரோட்டில் ஒரு டிராக்டர், அப்புறம் பால் வண்டி, மூன்றாவது கியரில் இழுக்க முடியாமல் இழுக்கிறது, யாராவது அவனிடம் கிளட்சைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு எதை எதையோ சொல்லியிருக்கிறேன் இந்தக் காதை வைத்துக்கொண்டு. டெரிக் சாரிடம்கூடச் சொன்னேன். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், கடலையை உடை. பொக்குக் கடலை. இது நல்லது. இது பொக்கு. டெரிக் சார் பெரம்பூர் ரயில்வே காலனி, சட்டைக்காரப் பையன், ஆங்கிலோ இந்தியன், இருபத்தாறு வயது. அந்தத் தளத்திலேயே தமிழ் பேசுகிற ஒரே பைலட், அதுவும் நம்ப மெட்ராஸ் தமிழ். கிறிஸ்துமஸுக்கு அவர் அம்மா டப்பாவில் கல்கலா என்று ஒரு இனிப்புப் பலகாரம் செய்து அனுப்புவார்கள், பாதி டப்பா எனக்கு. மிக் இருபத்தொண்ணுக்கு அவர் வைத்த பேர் பென்சில். காலையில் வருவார், "இன்னா கன்னி, பென்சிலைச் சீவி வெச்சிகினியா?" என்பார். என் பேர் கன்னியப்பன். "கூர் உடையாம எயுதிட்டு வா சார்" என்பேன். ஆபீசரும் லஸ்கரும் அப்படிப் பேசக்கூடாது, யார் காதிலும் விழாத தூரத்தில் பேசிக்கொள்வோம்.

அன்றைக்குப் பயிற்சி. கருடன் மேலேயிருந்து திரும்பி இறங்கி வரும், சின்னது கீழேயிருந்து ஏறி அதை மறிக்கப் பார்க்க வேண்டும், நிஜமாகச் சுடுவது இல்லை, ரேடாரில் பிடித்தால் போதும். முந்தின இரண்டு நாளும் யாராலும் பிடிக்க முடியவில்லை, கேன்டீனில் எங்கள் பெஞ்சு தலையைக் குனிந்து டீ குடித்தது. அன்றைக்கு டெரிக் சார் முறை. ஏணியில் கால் வைத்தவரிடம் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "சார், பென்சிலால கருடனைத் தொட முடியுமா? வாலைக்கூடப் பாக்க முடியாது உன்னால." இவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் பத்து வார்த்தை இருக்காது. அவர் மேலேயிருந்து குனிந்தார், "போடா டேய். இன்னிக்கு வால்ல கையெயுத்துப் போட்டுனு வரேன் பாரு." நான் கட்டையை எடுத்தேன். போனார். பின்னால் நெருப்பு எப்போது போட்டார் எப்போது எடுத்தார் என்று என் காதுக்குத் தெரியும், மேகத்துக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் தெரியும். அன்றைக்கு அவர் எடுக்கவே இல்லை. எடு சார், எடு சார் என்று நான் ரன்வே ஓரத்தில் நின்று சொன்னேனா, இல்லை இப்போதுதான் சொல்கிறேனா. எடுக்கவில்லை என்பதை நான் கேட்டேனா, இல்லை அப்புறம் அவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு என் காது அதைக் கேட்டதாக வைத்துக்கொண்டதா. இத்தனை வருஷம் அதையே உருட்டுகிறேன். எண்ணெய் தீர்ந்து, தளத்துக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், கரும்பு வயலில். கருடன் முதலில் இறங்கியது, இரண்டு பாராசூட் கழற்றிப் போட்டது, அதைப் பொறுக்கி ஜீப்பில் போட்டேன், அவருடையது ஒன்று வரும் என்று அங்கேயே நின்றேன். ஜீப் டிரைவர் வா என்றான். இன்னும் ஒண்ணு இருக்குது என்றேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே வண்டியை அணைத்தான். அப்புறம் விசாரணை வைத்தார்கள், பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள், ரேடார்க்காரனைக் கேட்டார்கள், என்ஜின் பார்த்தவனைக் கேட்டார்கள், எண்ணெய் ஊற்றியவனை இரண்டு நாள் கேட்டார்கள். கட்டை எடுத்தவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா. ஒரு லஸ்கர் கிண்டல் பண்ணினான் என்றா ஒரு பைலட் எண்ணெய் முள்ளைப் பார்க்க மறப்பான்? மாட்டான். அவர் கெட்டிக்காரர். வேறு ஏதாவது நடந்திருக்கும். நிச்சயம் வேறு ஏதாவது. அப்படியென்றால் ஏன் சம்பூர்ணத்திடம்கூட அந்தப் பத்து வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை. பிச்சாண்டியைப் பெற்றதிலிருந்து, லீவில் வரும்போதெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பக்கத்து வீட்டுப் பையன் பாலத்துக்கு ஓடி உன்னை முந்தினான், அவன் உன்னைவிட முன்னால் மரம் ஏறினான். பிச்சாண்டி ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை, அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடுவான். அதுதான் பயம். எதிர்த்துப் பேசுகிற பிள்ளை என்றால் இவ்வளவு பயம் இல்லை.

கேட்கிறது. கூட்டுரோட்டுத் திருப்பத்திலேயே கேட்கிறது, அவ்வளவு தூரத்தில் எப்போதும் கேட்காது, ஏன் கேட்கிறது, சைரனோடு ஹாரனும், ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வருகிறான். நான் எழுந்துவிட்டேன், முறம் சாய்ந்து கடலை காலடியில் உருள்கிறது. ரோட்டு நடுவில் போய்க் கையைக் காட்டினால் என்ன, நிற்பானா, நிறுத்த முடியுமா, உள்ளே யார் படுத்திருக்கிறார்களோ. பாலம். இரண்டாகிவிட்டது சத்தம். ஒன்று. வெள்ளையாக ஏதோ என் முன்னால் போனது, காற்று வேட்டியை இழுத்தது, ஒன்பது, பத்து, என்ஜின் அழுகிறது, டீசல் வண்டி இப்படி அழக்கூடாது, இருபது, சம்பூர்ணம் கையில் கீரையோடு கேட்டுக்கு வந்துவிட்டாள், "போறான்யா, எப்படிப் போறான் பாரு" என்கிறாள், முப்பது, வளைவுக்கு முன்னால் காலை எடு, எடுடா, எடு சார், முப்பத்தெட்டு, எடுக்கவில்லை, நாற்பத்துநாலு, அந்தப் புளியமரம், அதன் அடியில் கரும்புச்சாறு வண்டிக்காரன் நிற்பான், ஐம்பது, சுவரில் படவில்லை, ஐம்பத்திரண்டு, படு, ஐம்பத்துநாலு. பட்டது. பட்டுத் திரும்பிப் போய்விட்டது. நாலைக் கழித்தால் ஐம்பது. நூற்றெட்டு. கேட்டைப் பிடித்துக்கொண்டேன். சம்பூர்ணம் குனிந்து கடலையைப் பொறுக்க ஆரம்பித்தாள், நானும் குனிந்தேன். இரண்டு பேரும் பொறுக்கினோம், மண்ணை ஊதி ஊதி.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு வண்டி சைரன் இல்லாமல் கிழக்கேயிருந்து வந்தது. தாண்டிப் போகும் என்று நினைத்தேன். நின்றது. பிச்சாண்டி இறங்கினான், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, கண் சிவந்திருந்தது. "தண்ணி குடுமா" என்றான் அவன் அம்மாவிடம். வண்டியில் நோயாளி கூடப் போகிற பெண் ஜெயசீலி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஐயா, நீங்களாவது சொல்லுங்க ஐயா இவருகிட்ட. இன்னிக்கு இவருக்கு இன்னா புடிச்சுதோ. இந்த ஆட்டத்துல நான் எப்படி ஊசி ஏத்தறது? மூணுவாட்டி நரம்பை விட்டுட்டேன், அந்தப் பெரியவரு கையெல்லாம் ரத்தம். ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சினு நிக்கவே சரியாப் போச்சு." "அந்த ஆளு?" என்றேன். "இருக்காரு ஐயா. ஏதோ இருக்காரு." பிச்சாண்டி அவள் பேசியது காதில் விழாத மாதிரி சொம்பைத் தூக்கிக் குடித்தான், தொண்டை ஏறி இறங்கியது, சின்னப் பிள்ளையில் ஓடிவிட்டு வந்து குடிப்பான் இப்படித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தான். "எவ்ளோப்பா?" என்றான். இன்னா எவ்ளோ என்றேன். "பாலத்துலேர்ந்து மில்லு வரைக்கும். நீ எண்ணினு இருப்பன்னு தெரியும். கேக்கட்டும்னுதான் ஹாரனை அழுத்தினு வந்தேன்." நாற்பது வருஷமாக அந்தக் காதை வைத்துத்தான் நான் மனுஷன். ஐம்பது, மணிக்கு நூற்றெட்டு, நாக்கு நுனியில் நிற்கிறது. தேவராஜு இந்த ஜென்மத்தில் அதைத் தொட மாட்டான். அதைச் சொன்னால் இவன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தை நான் இவனுக்கு ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. "கேக்கலடா" என்றேன். "வண்டி போனதே கேக்கலயா?" "வண்டி போச்சு, பாத்தேன். மில்லுகிட்டப் பட்டது கேக்கல. கொஞ்ச நாளாவே காது சரியில்லடா. உங்கிட்ட சொல்லல. தூரத்துச் சத்தம் எதுவும் வர்றதில்ல." சம்பூர்ணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நேத்து வரைக்கும் எண்ணினதெல்லாம்?" என்றான். "சும்மா. குத்துமதிப்பா. கப்சா." அவன் சொம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். நம்பினானா, நம்பவில்லையா, சிரிக்கப் போகிறானா, சொம்பை என் மேலே எறியப் போகிறானா. "எல்லாமே குத்துமதிப்பா?" "எல்லாமே." இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், டெரிக் சார் பேரில் ஆரம்பித்து எல்லாவற்றையும், வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஜெயசீலி போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். "அண்ணே, கால். மில்லு தாண்டி, ஏரிக்கரை. நெஞ்சுவலியாம்." பிச்சாண்டி சொம்பைக் கீழே வைத்தான். வண்டியில் ஏறி மில் பக்கம் திருப்பினான். கண்ணாடியில் என்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை, வெயில் பட்டுப் பளபளத்தது. சைரன் எழுந்தது, கேட்டிலிருந்து கிளம்பியது, ஒன்று.

எண்ணாதே. "ஏதாவது பேசு" என்றேன் சம்பூர்ணத்திடம். "இன்னா பேசறது?" "எதுனா பேசு, சத்தமாப் பேசு." அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கீரையில் பூச்சி இருந்ததையும், காஞ்சனா அம்மா போனில் சொன்னதையும், தொட்டிலுக்குப் பழைய புடவை எடுத்து வைத்ததையும் சொன்னாள், சத்தமாகத்தான் சொன்னாள், அதற்குக் கீழே அது தன்பாட்டுக்கு ஓடியது, முப்பது, நாற்பது, ஐம்பது. ஐம்பத்துநாலு. படவில்லை. அறுபது. மெதுவாகப் போகிறானா, இல்லை மில் வரைக்கும் போகவே இல்லையா, இரண்டுக்கும் இதுவரைக்கும் ஒரே கணக்குத்தான். எழுபது. சம்பூர்ணமும் நிறுத்திவிட்டாள், அவளும் கேட்கிறாள், இத்தனை நாளாக அவளும் எண்ணிக்கொண்டிருந்தாளா. எண்பது. எண்பத்துமூன்று. எண்பத்தாறில் பட்டது. மெதுவாக, முழுசாக, சுவர் முழுக்கப் பட்டு அந்தப் பக்கம் போனது. நாலைக் கழித்தால் எண்பத்திரண்டு. "போய்ட்டான்" என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போய்ட்டான் என்றேன். நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். ஏரிக்கரையில் ஒரு வீட்டில் யாரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், வீட்டுக்காரர்கள் ரோட்டுக்கு வந்து கிழக்கும் மேற்கும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் காது இருக்கும். அவர்களும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.